நகரமே கதாபாத்திரமாகும் மாயக்கதை என்றால் என்ன?

நகரம் வெறும் பின்னணியாக நிற்காமல், தானே விரும்பி, கோபித்து, முடிவெடுக்கும் கதை இது. பென் ஆரனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011) நாவலில் தேம்ஸும் அதன் துணையாறுகளும் மனித உருவில் உலவுகின்றன. அவற்றுள் ஃப்ளீட் ஆறு இன்று உண்மையிலேயே லண்டன் தெருக்களுக்கு அடியில் கழிவுநீர்ச் சுரங்கமாக ஓடுகிறது. மூடிவிட்டால் ஆறு மறந்துவிடுமா? மனிதரைவிட நகரத்துக்கு ஆயுளும் நினைவும் அதிகம். அந்த நினைவைப் பேசவைக்கத்தான் இந்த மாயம். பாட்டி காலமான பிறகும் வீட்டில் எல்லாம் அவர் சொற்படியே நடப்பதைப் போல.

நமக்கும் இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரையின் தெய்வமான மதுராபதி கண்ணகியிடமே வந்து பேசுகிறாள்.

பெருநகரத்தில் நடக்கும் பேய்க்கதை எல்லாம் இவ்வகை என்று பலர் எண்ணுகிறார்கள். கதையை வேறு ஊருக்கு மாற்றியும் அது குலையவில்லை என்றால், அங்கே நகரம் மேடை மட்டுமே.