ரொம்ப நாளாக எதிர்பார்க்கும் கேம் வெளியாகும்வரை நேரத்தை எப்படி ஓட்டுவது?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் வருகிற முதல் பதில், "முந்தைய பாகத்தை மறுபடி ஒரு தடவை ஆடுங்க" என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வேறு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஜிடிஏ 6 ஆகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே 26 என்றார்கள், அதுவும் போய் நவம்பர் 19 என்றார்கள். நீங்களும் போனில் கவுன்ட்டவுன் வைத்து, அழித்து, மறுபடி வைத்திருப்பீர்கள். ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஓரத்தில் தெரிகிற கடைப் பலகையைக்கூடப் படித்திருப்பீர்கள். வேறு எதைத் திறந்தாலும் பத்து நிமிடத்தில் மூடத் தோன்றும். நானும் ஆறரை வருடம் அப்படி இருந்தவன்தான்.

நான் காத்திருந்தது ஹாலோ நைட் என்கிற, குதித்துக் குதித்து வெட்டிச் சண்டை போடுகிற கேமின் அடுத்த பாகமான சில்க்சாங்குக்கு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்கிற மிகச் சிறிய குழு செய்தது. முதல் பாகம் 2017இல் வந்தது. அதற்கான கூடுதல் பகுதியாகத் தொடங்கிய, அதில் வருகிற ஹார்னெட் என்ற பெண் பாத்திரத்தின் கதை, வளர்ந்து வளர்ந்து தனிக் கேமாகிவிட்டது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் அதைக் காட்டி, இங்கே காட்டுகிற எல்லாவற்றையும் 12 மாதத்துக்குள் ஆடலாம் என்றார்கள். 2023 மே மாதம், இன்னும் நேரமாகும் என்று ஒரு வரி வந்தது. அப்புறம் கப்சிப். யூடியூபில் ஒருவர் தினமும் "இன்று செய்தி எதுவும் இல்லை" என்று சொல்வதற்கென்றே வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். நான் அதையும் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று நாள் சொன்னார்கள்: செப்டம்பர் 4. ஆறரை வருடக் காத்திருப்புக்கு இரண்டு வார நோட்டீஸ்! அந்த அறிவிப்பைக் கேட்டு வேறு சில சின்னக் குழுக்கள் தங்கள் கேம்களின் தேதியை மாற்றிக்கொண்டு ஒதுங்கின. ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டதற்கு டீம் செர்ரிக்காரர்கள் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. செய்துகொண்டிருப்பது ஜாலியாக இருந்ததாம், அவ்வளவுதான். என் வேலையைப் பற்றி ஒரு நாள்கூட நான் அப்படிச் சொன்னதில்லை.

அந்த இரண்டு வாரம் நான் என்ன செய்தேன்? ஹாலோ நைட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். சும்மா இல்லை. முழு 112 சதவீதம், அந்தக் கேமில் எல்லாவற்றையும் முடித்தால் வருகிற கணக்கு அது. 46 புழுக்குஞ்சுகளையும் மீட்டேன். ஒயிட் பேலஸ் என்கிற பகுதிக்குள் ஒளிந்திருக்கும், பாத் ஆஃப் பெயின் என்கிற படு கஷ்டமான பாதையையும் முடித்தேன். ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து 42 பாஸ்களை, அதாவது பெரிய எதிரிகளை, வரிசையாக அடிக்கிற பாந்தியன் என்கிற அந்தக் கடைசிச் சவாலையும் தாண்டினேன். (ஸ்டீல் சோல் முறையில் ஆடினாயா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. ஒரு முறை செத்தால் மொத்தமும் போகிற ஆட்டத்துக்கு எனக்கு நெஞ்சு தாங்காது. அதனால் நான் ரசிகனே இல்லை என்றால், சரி, இல்லை.) விரல்கள் கத்திமாதிரி தயாராக இருக்கின்றன என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அங்கேதான் மாட்டினேன். ஹாலோ நைட்டில் அந்தரத்தில் கீழ்நோக்கி வெட்டினால் வெட்டு நேர் கீழே இறங்கும். பட்ட பொருளின் மேல் துள்ளி எழலாம். போகோ என்போம். எதிரி தலை, முள், எதன் மேலும் துள்ளித் துள்ளிக் கடக்கலாம். பதினான்கு நாளில் அதை எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேனோ, யோசிக்காமலே கை போகும். சில்க்சாங்கில் ஹார்னெட் ஆரம்பத்தில் அப்படி வெட்டுவதில்லை. சாய்வாகப் பாய்கிறாள். அதே பட்டன், அதே அவசரம், ஆனால் ஓர் எட்டு தள்ளிப் போய் விழுகிறாள். ஹன்டர்ஸ் மார்ச் என்று ஒரு பகுதி சீக்கிரமே வரும். சிவப்புப் பூக்களின் மேல் துள்ளித்தான் கடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூவுக்கு நேர் மேலே வந்து பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் பூவைத் தாண்டி விழுந்தேன். தப்பு என்று மூளைக்குத் தெரிகிறது, விரல் கேட்கவில்லை.

உயிர் ஏற்றுவதிலும் அதே கதை. இந்தக் கேம்களில் உயிரை முகமூடிக் கணக்கில்தான் காட்டுவார்கள். பழைய கேமில் தரையில் அசையாமல் நின்று ஒவ்வொரு முகமூடியாக ஏற்ற வேண்டும். ஹார்னெட் சேர்த்த பட்டு நூலை ஒரேயடியாகச் செலவழித்து மூன்று முகமூடியை ஏற்றிவிடுவாள், அதுவும் அந்தரத்திலேயே. நான் பாட்டுக்கு வழக்கம்போலத் தரையிறங்கி, ஓர் ஓரம் தேடி, நின்று, பிறகு பட்டனை அழுத்தினேன். அதற்குள் பாஸ் என்னை இரண்டு சுற்று மிதித்துவிட்டுப் போயிருக்கும்.

கேம் மேல் குறை சொல்லவில்லை. அவள் வேறு ஆள், வேறு மாதிரித்தான் ஆட வேண்டும். பிறகு அவள் வெட்டும் விதத்தையே மாற்றுகிற வாண்டரர் க்ரெஸ்ட் என்கிற சின்னம் கிடைத்துவிட்டால் பழைய மாதிரி நேர் கீழேயும் வெட்டலாம். நான் சொல்வது அதுவரை பட்ட பாட்டை.

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. ஹாலோ நைட்டைத் தொட்டதே இல்லை. அந்த வாரக் கடைசியில் வந்தவன், "குடுங்க மாமா, ஒரு தடவை பாக்குறேன்" என்று கன்ட்ரோலரை வாங்கினான். ஏழெட்டுத் தடவை செத்தான். அப்புறம் அந்தப் பூக்களின் மேல் தட்டாரப்பூச்சிமாதிரி போய்க்கொண்டே இருந்தான். "சைடுல இருந்து பாயணும் மாமா, நீங்க ஏன் மேல போய் நிக்கிறீங்க?" நான் பதில் சொல்லவில்லை. 112 சதவீதம் என்ற பேச்சையும் எடுக்கவில்லை.

நடுவில் லீவு விஷயம் ஒன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 4 வியாழக்கிழமை. வியாழனும் வெள்ளியும் லீவு கேட்டேன். "என்ன விசேஷம்?" என்றார் மேலாளர். உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து, பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்து, பிறகு கொடுத்தார். எங்கள் குழுவில் ஒருவருக்கு முக்கியமான மேட்ச் இருக்கிற நாளில் மட்டும் தவறாமல் வயிற்று வலி வரும். அவரிடம் "உடம்பப் பாத்துக்கங்க" என்பார்கள். அதற்கப்புறம் நான் எதற்கு லீவு கேட்டாலும் "இந்தத் தடவை என்ன கேம்?" என்றே மேலாளர் கேட்டார். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று போய் நின்றபோதும் அதே கேள்வி. முப்பத்தைந்து வயதுக்காரன் கேம் ஆடினால் சிறுபிள்ளைத்தனம், பொய் சொன்னால் பக்குவம் போலிருக்கிறது.

லீவு எடுத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது இன்னொரு கூத்து. சில்க்சாங்குக்கு முன்பதிவும் கிடையாது, முன்கூட்டியே இறக்கி வைக்கவும் முடியாது. எல்லோரும் ஒரே நிமிடத்தில் போய் நின்றதில் நான் வாங்கப்போன கடைத் தளம் படுத்துவிட்டது. பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆகவே லீவு எடுப்பதாக இருந்தால் ரிலீஸுக்கு மறுநாள் எடுங்கள். காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, நேரத்தை எப்படித்தான் ஓட்டுவது? உங்கள் கேமில் விரல்கள் செய்யப்போகிற வேலையைச் செய்யாத ஒன்றாகப் பார்த்து எடுங்கள். சீக்கிரம் முடிகிறதாகவும் இருக்கட்டும். எனக்கு இப்போது இதைக் கேட்டால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்பேன். 2018இல் வந்தது. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பல் ஒன்று. அதில் போன 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று ஒரு பாக்கெட் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அவரவர் செத்த அந்தக் கணம் மட்டும் உறைந்து தெரியும். மூன்று பேர் விதியைச் சரியாக எழுதினால்தான் சரி என்றே சொல்லும். விரலுக்கு வேலையே இல்லை. ராத்திரி படுத்தபிறகு "அந்த மூன்றாவது தூளியில் கிடந்தவன் யார்" என்று ஓடிக்கொண்டிருக்கும். ரிலீஸ் தேதியை நினைக்க மண்டையில் இடமிருக்காது. நூறு மணி நேரம் இழுக்கிற பெரிய கேம் எதையும் தொடாதீர்கள். நடுவில் உங்கள் கேம் வந்துவிடும், இரண்டும் அரைகுறையாகிவிடும். ஜிடிஏ மாதிரி ஒன்றுக்கு இது பொருந்தாது, அங்கே கார்தான் ஓட்டுவோம் என்பீர்கள். பொருந்தாமல் இருக்கலாம். நான் பட்டதைச் சொன்னேன்.

சில்க்சாங்குக்கு இப்போது சீ ஆஃப் சாரோ என்று ஓர் இலவச விரிவாக்கம் அறிவித்திருக்கிறார்கள். மறுபடி காத்திருப்பு. அக்கா மகனுக்கும் பொறுக்கவில்லை. போன வாரம் பழைய ஹாலோ நைட்டை வாங்கி ஆரம்பித்திருக்கிறான். "மாமா, இதுல ஏன் நேரா கீழ வெட்டுது, முள்ளுல விழுந்துட்டே இருக்கேன்" என்று நேற்று ராத்திரி பத்தரைக்கு போன். போகப் போகப் பழகிடும், நல்லா ஆடு என்றேன். மற்றதை நான் சொல்லவில்லை.