செயற்கைத் துடுப்பு செய்ய விரும்பும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கச்சிமடத்திலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பத்தாம் வகுப்பை முடித்திருக்கும் தங்கள் மகள், காயம்பட்ட ஓங்கில்களுக்கும் (டால்பின்) ஆமைகளுக்கும் செயற்கைத் துடுப்பு செய்து அவற்றை மீண்டும் நீந்த வைப்பதையே தன் தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொல்வதும், அது சோறு போடுமா என்று தாங்கள் கலங்குவதும் நியாயமானவையே. தாங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயரில் ஒரு பட்டப்படிப்போ அரசுப் பணியிடமோ நம் மாநிலத்தில் இல்லை. ஆனால், உலகில் இந்த வேலையைச் செய்து காட்டியவர்கள் யாரும் அந்தப் பெயரில் ஒரு படிப்பைத் தேடிப் போனவர்கள் அல்லர். வேறொரு தொழிலில் தேர்ச்சி பெற்று, அந்தத் தேர்ச்சியைக் கடலுயிர்களுக்குப் பயன்படுத்தியவர்கள் அவர்கள்.

2005ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில், நண்டுக் கூண்டின் கயிற்றில் சிக்கிய ஓங்கில் குட்டி ஒன்று வால் துடுப்பை இழந்தது. வின்டர் என்று பெயரிடப்பட்ட அது, மீனைப் போல உடலைப் பக்கவாட்டில் அசைத்து நீந்தப் பழகிக்கொண்டது. ஓங்கிலோ வாலை மேலும் கீழும் அடித்து நீந்தும் உயிரினம் என்பதால், இந்தப் பழக்கம் நீடித்தால் முதுகெலும்பு கெட்டுவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அதற்குச் செயற்கை வால் செய்து கொடுத்த கெவின் கேரலும் டான் ஸ்ட்ரெம்ப்காவும் மனிதர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் வல்லுநர்கள். ஓங்கிலின் மெல்லிய தோல் புண்ணாகாமல் இருக்க அவர்கள் உருவாக்கிய மென்மையான கூழ்ம (ஜெல்) உறை, பின்னர் காலை இழந்த மனிதர்களுக்கும் பயன்பட்டது. வின்டர் 2021 நவம்பர் வரை உயிர் வாழ்ந்தது. ஜப்பானின் ஒகினாவாவில், 2002இல் நோயால் வாலின் பெரும்பகுதியை இழந்த ஃபூஜி என்னும் ஓங்கிலுக்கு ரப்பர் வால் செய்தது டயர் தயாரிக்கும் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம்.

ஆமையின் கதை இன்னும் கடினமானது. கடலாமை முன் துடுப்புகளால் உந்தி, பின் துடுப்புகளால் திசை திருப்புகிறது. சுறா கடித்ததால் இரு முன் துடுப்புகளிலும் பாதிப்படைந்து 2008இல் ஜப்பானில் மீட்கப்பட்ட யூ என்ற பெருந்தலை ஆமைக்குச் செய்த செயற்கைத் துடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. கழன்று போயின அல்லது வலி தந்தன. பல வடிவங்களுக்குப் பிறகு, 2013இல் சட்டை போன்ற ஓர் உடுப்பில் துடுப்புகளை இணைத்த பின்னரே பலன் கிடைத்தது. டெக்சாஸில் ஒரே ஒரு துடுப்புடன் வட்டமடித்துக்கொண்டிருந்த ஆலிசன் என்ற பேராமைக்கோ, இழந்த துடுப்புகளைச் செய்யாமல், முதுகில் நிமிர்ந்த தகடு கொண்ட உடுப்பை அணிவித்தார்கள். அது நேராக நீந்தியது. தங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பொறுமையைத்தான். ஆண்டுக்கணக்கில் தோற்றுத் தோற்றுத் திருத்தும் மனம் இந்த வேலைக்கு வேண்டும்.

மற்றொன்றையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செயற்கை உறுப்பு பெற்ற இவ்வுயிர்கள் மனிதரின் அன்றாடப் பராமரிப்பில் தொட்டிகளிலேயே வாழ்ந்தன; திறந்த கடலுக்குத் திரும்பவில்லை. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட நம் மன்னார் வளைகுடாவில் அதிகம் தேவைப்படுவது, வலையில் சிக்கிய ஆமையையும் ஆவுளியா என்னும் கடல் பசுவையும் உயிருடன் விடுவித்து, காயத்துக்கு மருத்துவம் செய்து, கடலுக்கே அனுப்பும் திறமை. அதையும் விரும்புகிறாளா என்று கேளுங்கள். விரும்பினால் அவளுக்கு ஏற்றது கால்நடை மருத்துவம்.

கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டுகள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. நீட் தேர்வு தேவையில்லை. நம் பகுதியிலிருந்து திருநெல்வேலிக் கல்லூரி எட்டும் தொலைவில் இருக்கிறது. வனவிலங்கு அறிவியலில் மேற்படிப்பு சென்னையில் உண்டு. ஆசை முழுவதும் கடலுயிர் மீது நிலைக்காவிட்டாலும், இந்தப் பட்டம் அவளைக் கைவிடாது.

இரண்டாவது வழி, செயற்கை உறுப்பு மற்றும் தாங்கு கருவிப் (Prosthetics and Orthotics) பட்டப்படிப்பு. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கரை ஆண்டுகள். வேலூர் சி.எம்.சி.யிலும், கட்டாக், கொல்கத்தா ஆகிய இடங்களிலுள்ள மத்திய அரசு நிறுவனங்களிலும் இது கற்பிக்கப்படுகிறது. விபத்தாலும் சர்க்கரை நோயாலும் கால் இழந்தவர்கள் நம்மிடையே ஏராளம் என்பதால், படித்தவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தந்தையுடன் அமர்ந்து கிழிந்த வலையைத் தைப்பதில் அவளுக்குத் தனி ஆர்வம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். கையால் செய்து பார்த்துத் திருத்துவதில் இன்பம் காணும் பிள்ளைக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. பொறியியல் வழியும் உண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் 2022இல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது.

இம்மூன்று கதவுகளும் திறந்திருக்க வேண்டுமானால், பிளஸ் ஒன்னில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். கணிதத்தை விட்டால் பொறியியலும், உயிரியலை விட்டால் கால்நடை மருத்துவமும் கைநழுவிவிடும். எதைத் தேர்வது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து அவளே முடிவு செய்யலாம்.

ஓராண்டில் 'கடல் விலங்கு மறுவாழ்வுச் சான்றிதழ்' தருவதாக ஒரு தனியார் நிறுவனம் பெருந்தொகை கேட்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பணம் கட்டாதீர்கள். விலங்குக்கு மருத்துவம் செய்ய இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமம் ஏற்ற பட்டமும், மனிதருக்குச் செயற்கை உறுப்பு பொருத்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். கடலாமை, ஆவுளியா, ஓங்கில் ஆகியவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வனத்துறையின் அனுமதியின்றி ஆர்வத்தால்கூட வீட்டில் வைத்துப் பராமரிக்கக் கூடாது. கரையில் காயம்பட்ட ஆமையைக் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவிக்க அவளைப் பழக்குங்கள்.

செலவைப் பற்றிய தங்கள் கவலை எனக்குப் புரிகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றிருக்கும் வேளையில்தான் சேர்க்கைப் படிவங்களும் வருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கால்நடை மருத்துவம், மீன்வளம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. செயற்கை உறுப்புப் படிப்புக்கு இச்சலுகை பொருந்தாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஆகவே பிளஸ் ஒன்னையும் அரசுப் பள்ளியிலேயே தொடரட்டும். ஆறாம் வகுப்பு முதல் அங்கே படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.