குறட்டையைக் குறைக்கிற தலையணை வாங்கியும் சத்தம் குறையலையா?

வீட்டுக்காரருக்குப் பழைய பஞ்சுத் தலையணை மேல புதுசை வச்சும் குறட்டை குறையலை, கழுத்தும் வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க அக்கா. அடியில இருக்கிற அந்தப் பழைய தலையணையை எடுத்துடுங்க. ரெண்டையும் அடுக்கினதுதான் பெரும்பாலும் கோளாறு. உயரம் கூடினா தாடை நெஞ்சுப் பக்கம் மடங்கி மூச்சு போற வழி குறுகும். அவருக்குக் கழுத்து வலிக்கிறதும் அதனாலதான் இருக்கும்.

ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கால்மாட்டுல நின்னு பாருங்க. மூக்கும் நெஞ்சுக்குழியும் ஒரே கோட்டுல இருக்கணும். தலை மெத்தைப் பக்கம் சாய்ஞ்சா ஒரு துண்டை மடிச்சு அடியில வைங்க. தோள் தலையணை மேல ஏறவே கூடாது. மல்லாந்து புரள்றவர்னா முதுகுக்கு ஒரு நீளத் தலையணை அணை கொடுங்க.

ஆனா தூக்கத்துல மூச்சு நின்னு திணறி எழுந்தா, எந்தத் தலையணையும் போதாது. செம்பனை லாரி ஓட்டுறவர்னு எழுதியிருக்கீங்க. பகல்ல கண் சொக்கினா தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்ல 1 ரிங்கிட்தான். தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க.