சாவி போடும் முன்: பைக் கேள்வி பதில்

கேள்வி: 125 சிசி பைக்கில் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் செக் பண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். காலை அவசரத்தில் எதையெல்லாம் பார்ப்பது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: மெக்கானிக் சொன்னது சரி. இரண்டு நிமிட வேலைதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஆணி, கண்ணாடித் துண்டு, பக்கவாட்டு வெடிப்பு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். காற்று இறங்கவில்லை என்றால் மெதுவாகப் பஞ்சர் கடை வரை ஓட்டிப் போய்விடலாம்.

டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றைக் கணிக்க முடியாது. சின்ன கேஜ் ஒன்று வாங்கி வைத்து, வாரம் ஒருமுறை வண்டி ஓட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஓடிச் சூடான டயர் அளவைக் கூட்டித்தான் காட்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது செயின் கவர் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு அதிகம் வேண்டும். அந்தத் தனி அளவையும் பாருங்கள்.

அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயை விரலால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. அது டிஸ்க்கில் வடிந்தால் பிரேக் பிடிக்காது.

பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள். அப்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். முறுக்கிய கைப்பிடியை விட்டதும் அது சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாக, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச். சுவரோரம் நிறுத்தினால் வெளிச்சம் சுவரில் தெரியும், இறங்க வேண்டியதில்லை.

கேள்வி: பின் டிரம் பிரேக்கை எவ்வளவு முடுக்கினாலும் நாலு நாளில் பெடல் மறுபடி கீழே போகிறது. இன்னும் முடுக்கலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: கூடாது. பெடலை முழுதாக மிதித்தபடி டிரம் மூடியைப் பாருங்கள். பிரேக் ஆர்மின் அடியில் ஒரு முள்ளும், மூடியில் ஒரு குறியும் இருக்கும். முள் குறியைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் கட்டை) தேய்ந்து தீர்ந்தது.

அதற்கு மேலும் நட்டை முடுக்கினால் ஆர்ம் முன்னால் சாய்ந்துவிடும். பெடலிலிருந்து வரும் ராடு அதைச் செங்கோணத்தில் இழுக்காததால், எவ்வளவு பலமாக மிதித்தாலும் விசை முழுதாக ஷூவுக்குப் போய்ச் சேராது. இதைவிட மோசம், உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, அதை விரித்தபடியே மாட்டிக்கொள்வது. ஓடும் வண்டியில் பின் சக்கரம் இறுகிவிடும். உடனே ஷூ மாற்றுங்கள், இரண்டையும் ஜோடியாக, ஸ்பிரிங்கோடு. டிரம்மின் உட்புறத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் ஹப்பிலேயே பொறித்திருக்கும்.

புது ஷூ போட்ட பிறகு பெடலில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் விடுங்கள். பெடலை மிதிக்காதபோது சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும்.

கேள்வி: செயின் எவ்வளவு தொய்வாக இருக்கலாம்? – வாசகர், ஓசூர்

பதில்: பெரும்பாலான சிறிய பைக்குகளுக்கு, கீழ்ப்பக்க நடுவில் மேலும் கீழும் சேர்த்து 20 முதல் 30 மி.மீ. உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிகவும் இறுக்கமான இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தொய்வான இடத்தைப் பார்த்து முடுக்கினால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும்.

கேள்வி: பிஎஸ் 6 வண்டி. மழையில் ஓட்டினால், கியர் போட்டதும் இன்ஜின் நிற்கிறது. சைடு ஸ்டாண்டு ஸ்விட்சைத் தவிர்த்து வயரை ‘டைரக்ட்’ பண்ணிவிடலாம் என்கிறார்கள். – வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்பினால், இடது வளைவில் அது தரையில் இடித்து ஆளைத் தூக்கிப் போடும். அதைத் தடுக்கத்தான், ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை நிறுத்தும் அந்த ஸ்விட்ச். ஸ்டாண்டு மூட்டில் சேறு அப்பியிருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவி, பிரஷால் தேய்த்து, பிவட்டில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். ஸ்டாண்டை மடக்கினால் ஸ்பிரிங் அதை முழுதாக மேலே இழுக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் நின்றால் ஸ்விட்சை மாற்றுங்கள்.