அலைனரை ஒரு நாளைக்கு 15 மணி நேரம்தான் போட முடிகிறது, பரவாயில்லையா?

அலைனர் (பல்லை வரிசையாக்கப் போடும், கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை) போட்டு மூன்று மாதம் ஆகிறது, 15 மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை, அடுத்தடுத்து மாற்றிப் போடும் ஒவ்வொரு செட்டையும் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டு ஈடுகட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை இன்னும் உங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நானும் சொல்லாமல்தான் இருந்தேன். அதில் எனக்கு நான்கு மாதம் போனது.

எனக்கு வயது 36, தனியார் பள்ளி ஆசிரியை. மேல்வரிசையில் முன்பற்களுக்கு அடுத்த பல் இரண்டும் உள்ளே தள்ளி இருந்தன. சின்ன வயதில் கிளிப் போட வீட்டில் வசதியில்லை. இப்போது சீட்டு எடுத்த பணத்தில் போட்டேன். இந்த வயதில் எதற்கு, பணக்காரர் விஷயம் என்றெல்லாம் சொல்ல வருகிறவர்களுக்கு: 25 வருடம் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் நான். அதற்கு மேல் விளக்கம் சொல்ல விருப்பமில்லை.

22 மணி நேரம் போட வேண்டும், 20க்குக் கீழே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் டீ, டிபன், 11 மணி இடைவேளையில் டீ, மதியச் சாப்பாடு, 4 மணிக்கு மறுபடி டீ, இரவுச் சாப்பாடு. ஒவ்வொரு முறையும் கழற்றினால் திரும்பப் போட முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிவிடும். மாதப் பரிசோதனையில் கேட்கும்போது "20 மணி நேரம் போடறேன் டாக்டர்" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் 15 இருந்தால் அதிகம்.

ஒரு செட் பல்லை நகர்த்துவது கால் மில்லிமீட்டர் அளவுதான். அழுத்தம் விடாமல் இருந்தால்தான் பல்லின் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளரும். கழற்றி வைத்த நேரத்தில் பல் பழைய இடத்துக்கே நழுவப் பார்க்கும். அடுத்த செட்டோ, பல் வந்துவிட்டது என்ற கணக்கில் செய்யப்பட்டது. 11வது செட்டில் இடப்பக்கப் பல்லின் நுனிக்கும் டிரேக்கும் (அந்த உறைக்கும்) நடுவே நூல் அளவு இடைவெளி தெரிந்தது. தானாகச் சரியாகும் என்று 12, 13 என மாற்றிக்கொண்டே போனேன். 14ல் அது அரிசி மணி அகலத்துக்கு வந்துவிட்டது. மருத்துவர் பார்த்ததும் பழைய செட்டுக்குத் திரும்பச் சொல்லி, மறுபடி ஸ்கேன் எடுத்து, புது செட் வரும்வரை காத்திருக்க வைத்தார். அவர் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா இந்த செட்டையே கொஞ்ச நாள் நீட்டியிருப்பேனேம்மா" என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போ நீட்டலாம்தானே என்று கேட்பீர்கள். எந்த செட்டை எத்தனை நாள் என்று பல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். நீங்களோ நானோ வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. நான் மருத்துவர் இல்லை, பட்டதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஏன் உடனே திரும்பப் போட முடியவில்லை தெரியுமா? ஆசிரியைகள் கழிப்பறையில் 10 மணிக்கு மேல் தண்ணீர் வராது. வாய் கொப்பளிக்கக்கூட வழியில்லை. 28 பெண்கள் வேலை பார்க்கும் இடம். காலை 8 முதல் மாலை 4 வரை தண்ணீரே குடிக்காமல் வகுப்பெடுக்கிறோம், இருவருக்குச் சிறுநீர்த் தொற்றே வந்துவிட்டது. மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மோட்டார் பழுது என்ற அதே பதில்தான். மாணவர்களுக்குச் சுகாதாரம் பற்றிப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். பல் விஷயத்தை விடுங்கள், இது எத்தனை பள்ளிகளில் இப்படி!

சரி, இப்போது பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் சின்னப் பிரஷும் தனியாக வைத்திருக்கிறேன். டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டேன், 11 மணி டீ கிடையாது. கழற்றும்போதெல்லாம் போனில் டைமர் ஓடும். புது செட்டை இரவு படுக்கும்போது மாற்றுகிறேன், முதல் சில மணி நேர வலி தூக்கத்தில் போய்விடும். போட்டதும் மருத்துவர் கொடுத்த ரப்பர் உருளையை ஐந்து நிமிடம் கடிக்கிறேன், டிரே நன்றாக உட்கார்ந்துவிடுகிறது. வெந்நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், வளைந்துவிடும். டிஷ்யூவில் சுற்றி வைக்கவும் வேண்டாம். ஒரு கல்யாணப் பந்தியில் இலையோரம் அப்படி வைத்தேன். பாயசம் வாங்கத் திரும்பிய நேரத்தில் பக்கத்து இலைகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு எச்சில் இலைக் குவியலைக் கிளறியும் கிடைக்கவில்லை. முந்தைய செட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால், மருத்துவரைக் கேட்டு அன்றிரவு அதைப் போட்டுக்கொண்டேன்.

புது வரிசையில் இப்போது 9வது செட், இடைவெளி இல்லை. நீங்கள் இன்றிரவு டிரேயைப் போட்டுக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு பல்லின் நுனியையும் பாருங்கள். எங்காவது கோடு போல இடைவெளி தெரிந்தால் அடுத்த செட்டைத் தொடாதீர்கள். நாளைக் காலையிலேயே மருத்துவரைக் கூப்பிட்டு, 15 மணி நேரம்தான் போட்டேன் என்று அந்த எண்ணையே சொல்லுங்கள்.