வாசகர் கேள்வி–பதில்: நண்டின் நரம்பும் தசையும்

கேள்வி: செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருளைச் செலுத்திய லாப்ஸ்டர் (பெரிய கடல் இறால் வகை) கால்களையும் வயிற்றையும் மடக்கி உயர்ந்து நிற்கிறது, ஆக்டோபமைன் என்ற இன்னொன்றைச் செலுத்தினால் நீட்டிக் கிடக்கிறது. ஒன்று தசையைச் சுருக்க, மற்றது தளர்த்துகிறதா?

பதில்: இல்லை. லிவிங்ஸ்டன், ஹாரிஸ்-வாரிக், கிராவிட்ஸ் ஆகியோர் 1980இல் வெளியிட்ட அந்த ஆய்வில் தெரிந்த இரு நிலைகளும் நரம்பு வடத்தில் தீர்மானமாகின்றன. செரடோனின் மடக்கு தசைகளுக்கான நரம்புகளை முடுக்கி, நீட்டு தசைகளுக்கானவற்றை அடக்குகிறது. ஆக்டோபமைன் இதற்கு நேர்மாறு. தசையின் அருகிலோ இரண்டுமே செயலை வலுப்படுத்துபவைதான். இடத்தைப் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

நம் தசை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான இயக்க நரம்புச் செல்கள் இருக்கலாம். நண்டு, இறால் இனங்களில் பல தசைகளுக்கு ஒன்றிரண்டுதான். தூண்டும் நரம்பு குளூட்டமேட் என்ற வேதிப்பொருளையும், அடக்கும் நரம்பு காபா என்ற வேதிப்பொருளையும் வெளியிடுகின்றன. காபா தசையை மட்டுமல்ல, தூண்டும் நரம்பின் முனையையும் அடக்கும்; டூடலும் கஃப்லரும் 1961இல் கிரேஃபிஷில் (லாப்ஸ்டரின் நன்னீர் உறவினம்) காட்டியது இது. செரடோனின் அதே முனையில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியாகும் குளூட்டமேட்டைக் கூட்டுகிறது. நரம்புகள் இவ்வளவு குறைவாக இருந்தும் விசையை நுணுக்கமாக மாற்ற முடிவது இதனால்தான்.

கேள்வி: கிரேஃபிஷ் காலின் விரிப்புத் தசையில் செரடோனின் விட்டும், நரம்பைத் தூண்டும்போது தசையில் பதிவாகும் மின்னழுத்த மாற்றம் பெரிதாகவில்லை. ஏன்?

பதில்: முதலில் கரைசலைச் சந்தேகியுங்கள். செரடோனின் ஒளியிலும் காற்றிலும் கெட்டு நிறம் மாறும். ஹைட்ரோகுளோரைடு வடிவில் 2.1 மி.கிராமை 10 மி.லி. நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. உப்புக் கரைசலில் விட்டால் 1 மைக்ரோமோலார். அன்றன்றே தயாரித்து, ஒளி படாமல் பனிக்கட்டியில் வையுங்கள்.

உப்புக் கரைசல் லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 12 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.4, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.98, மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 0.5, ஹெபிஸ் (பிஎச் மாறாமல் காக்கும் பொருள்) 2.38, பிஎச் 7.4. நீரற்ற கால்சியம் குளோரைடு என்றால் 1.5 கிராம் போதும். கால்சியம் குறைந்தால் குளூட்டமேட் வெளியேற்றமே சரிந்துவிடும்.

அடுத்தது, அடக்கும் நரம்பும் சேர்ந்து தூண்டப்பட்டிருக்கலாம். தூண்டல் மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஓரிடத்தில் பதிவு சட்டென்று சிறுத்தால் அங்கே அடக்கும் நரம்பும் இணைந்துவிட்டது. காபாவின் செயலைத் தடுக்கும் பிக்ரோடாக்சின் விட்டதும் பதிவு மீண்டால் ஐயமே இல்லை.

இந்தத் தசையில் ஒற்றைத் துடிப்பின் விளைவு மிகச் சிறியது. 10 துடிப்புகளை 40 ஹெர்ட்ஸில் ஒரு தொடராக, 10 விநாடிக்கு ஒருமுறை கொடுங்கள். முன்பும் பின்பும் அதே வரிசை எண்ணுள்ள துடிப்பையே ஒப்பிடுங்கள். தசையின் ஓய்வு மின்னழுத்தம் நகர்ந்திருந்தால் அந்தப் பதிவை ஒதுக்குங்கள். கழுவிய பின்னும் விளைவு நெடுநேரம் நீடிக்கும் என்பதால், ஒருமுறை செரடோனின் பட்ட காலை அடுத்த அளவுக்கான அடிப்படையாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: பூச்சிகளிலும் இதே முறையா?

பதில்: அடிப்படை ஒன்றே, அங்கே ஆக்டோபமைன் முதலிடம் பெறுகிறது. வெட்டுக்கிளியின் பின்னங்கால் நீட்டு தசையில் அது ஒவ்வொரு துடிப்பின் விசையையும், பின் தளரும் வேகத்தையும் சேர்த்தே கூட்டும். ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட புரோக்டோலின் என்ற நரம்பு வேதிப்பொருளும் உண்டு. 1975இல் ஸ்டாரட்டும் பிரவுனும் 1,25,000 கரப்பான்பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 180 மைக்ரோகிராம்!