1962 பதிப்பு இம்ரான் நாவல் இப்னே ஸஃபி எழுதியதா?

1962 என்று அச்சிட்ட இம்ரான் நாவல் ஒன்று உங்களிடம் இருக்கிறது, நடை ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இம்ரான், உருது எழுத்தாளர் இப்னே ஸஃபியின் உளவு நாவல் தொடரின் நாயகன். உங்கள் புத்தகம் பெரும்பாலும் அவர் எழுதியது இல்லை. உங்கள் நாவலின் முதல் பதிப்பே 1962 என்றால், அப்போது இப்னே ஸஃபி மனநோயால் எழுதாமல் இருந்தார். 1963-இல்தான் திரும்பி வந்தார். வாசகர்கள் ஏங்கிக் கிடந்த அந்த இடைவெளியில் இம்ரானை வைத்து வேறு பலர் எழுதித் தள்ளினார்கள். நடை ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியதும் அதனால்தான் இருக்கும்.

அட்டையில் உருதுப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 'ஸஃபி' என்று முடியும் போலிப் பெயர்கள் உண்டு. அப்புறம் பதிப்பகம் எந்த ஊர் என்று பாருங்கள்: அவர் 1952-இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்த பிறகும் இந்தியப் பதிப்புகள் அலகாபாத்திலிருந்தே வந்தன.

ஆனால் ஒன்று, 1962 மறுபதிப்பு ஆண்டாகவும் இருக்கலாம். இம்ரான் தொடர் தொடங்கியது 1955-இல். முந்தைய நாவல்களின் பட்டியலோடு தலைப்பை ஒப்பிடாமல் புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.